கோத்தகிரி ஷெட்டில் நிற்கும் சான் ஸ்டார்ம்: விலையைக் குறைத்தும் ஏன் போகவில்லை?

கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இதுதான். அவருடைய தந்தை 2001இல் புதிதாக வாங்கிய சான் ஸ்டார்ம், அதாவது கூரையை மடித்துத் திறக்கக்கூடிய இரண்டு இருக்கைக் கார், வீட்டு ஷெட்டில் நிற்கிறது. தந்தை காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து வண்டியை எப்போதாவது ஸ்டார்ட் செய்து அணைப்பதோடு சரி. இரண்டு ஆண்டுகளாக விற்க முயல்கிறார். ஆறு லட்சத்தில் தொடங்கிய விலை ஐந்தாகி, இப்போது மூன்றரை லட்சத்தில் நிற்கிறது. பார்க்க வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்களே தவிர யாரும் அட்வான்ஸ் தரவில்லை. மேட்டுப்பாளையத்துப் புரோக்கர் ஒருவர் கடைசியாக 80,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். இன்னும் விலையைக் குறைப்பதா, அல்லது பழம்பொருள் மதிப்பு வரும்வரை வைத்திருப்பதா என்பது கேள்வி. கடைசி வரியில், “ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, அது பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன்” என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். ஆனாலும், நல்ல வண்டிக்கு ஏன் மதிப்பில்லை என்ற அவருடைய ஆதங்கத்திற்குப் பதில் சொல்லாமல் நேரே காகித வேலைக்குப் போவது முறையாகாது என்பதால், வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். நான் குன்னூரில் இருப்பவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய கார்களை வாங்கியும் விற்றும் வருகிறேன். விற்றவற்றில் பாதியை நஷ்டத்தில்தான் விற்றேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சான் ஸ்டார்மை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். பெங்களூரைச் சேர்ந்த சான் குழுமம், தொண்ணூறுகளின் இறுதியில் கோவாவில் தயாரிக்கத் தொடங்கிய கார் இது. உடல் முழுவதும் ஃபைபர், ரெனோ நிறுவனத்தின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன், முன்சக்கர இழுவை. ஐந்து பேர் உட்காரும் கார் வாங்குவதற்கே வீட்டில் ஒரு மாதம் பேசி முடிவெடுத்த காலத்தில், இரண்டே பேர் உட்காரும் திறந்த காரை இந்தியாவில் தயாரித்து இந்தியச் சாலையில் விற்றார்கள் என்பதே ஒரு துணிச்சல். விற்ற எண்ணிக்கை குறைவு. அரிதாக இருப்பதால் விலை ஏற வேண்டுமே என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அது ஏறவில்லை.

காரணம் வண்டியில் இல்லை, வாங்குபவரின் சிறுவயதில் இருக்கிறது. பழைய காருக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் தம் நினைவுக்குத்தான் பணம் கொடுக்கிறார். அம்பாசடரில் பள்ளிக்கூடம் போனவர்கள், மாமாவின் பத்மினியில் பழனிக்குப் போனவர்கள், கான்டெசாவை மாப்பிள்ளை ஊர்வலத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் இன்று ஐம்பது வயதில் கையில் காசோடு இருக்கிறார்கள். அந்த வண்டிகளின் விலை அவர்களால்தான் ஏறியது. ஸ்டார்மில் யாரும் பள்ளிக்கூடம் போகவில்லை. “எங்கள் அப்பா வைத்திருந்தார்” என்று சொல்லக்கூடிய சிலரில் நீங்கள் ஒருவர், நீங்களோ விற்பவராக இருக்கிறீர்கள். பந்தயத்தில் வென்ற பெயரும் இந்த வண்டிக்கு இல்லை, வெளிநாட்டு இலச்சினையும் இல்லை. போர்ஷே 924 என்ற காரையே, அதன் எஞ்சினின் மூலம் வேறு இடத்தது என்பதற்காக, பல ஆண்டுகள் ‘உண்மையான போர்ஷே அல்ல’ என்று ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. அப்படியிருக்க, பெயரே கேள்விப்படாத வண்டியை எவர் மதிப்பார்?

இதோடு மலையின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. நீலகிரியில் ஒரு பழைய வில்லீஸ் ஜீப்போ ஜிப்சியோ விற்பனைக்கு வந்தால், செய்தி டீக்கடையைத் தாண்டுவதற்குள் ஆள் வந்துவிடும். தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஏறும், மூட்டை ஏற்றலாம், பின்னால் ஆறு பேரை உட்கார வைக்கலாம். ஸ்டார்மோ தரையோடு தரையாகப் போகும் வண்டி. வீட்டு வாசல் சரிவிலேயே அடி தட்டும். உள்ளூரில் அதை வாங்குவார் இல்லை என்பதை அவமானமாக நினைக்க வேண்டாம், அது இயல்பான நிலைதான். உங்கள் வண்டியை வாங்கப்போகிறவர் கோத்தகிரியில் இல்லை, பெரும்பாலும் உதகையிலும் இல்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோதித்துப் பார்க்க வருபவர்கள், இழுவை போதவில்லை என்று முகம் சுளித்திருப்பார்கள். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், டர்போ இல்லாத எந்த எஞ்சினும் சமவெளியில் தரும் திறனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். சமவெளியில் 60 குதிரைத்திறன் தருவது அங்கே 48 அளவில்தான் தரும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்பதால் கார்புரேட்டர் வண்டியைப்போல் பெட்ரோல் மிகுந்து கரும்புகை விடாது என்பது ஓர் ஆறுதல், அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து வருபவரிடம் இதை அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஓட்டிப் பார்த்த பிறகு சொன்னால் சாக்காகத் தெரியும்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஆர்.சி. தந்தையின் பெயரில் இருப்பது பெரிய விஷயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளாக வண்டி போகாததற்கு முதன்மைக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு. பார்க்க வந்த பத்துப் பேரில் வண்டியை உண்மையிலேயே விரும்பிய ஒருவரோ இருவரோ இருந்திருப்பார்கள். அவர்கள் ஆர்.சி.யைக் கேட்டிருப்பார்கள், பெயரைப் பார்த்திருப்பார்கள், ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று கிளம்பியிருப்பார்கள். காலமானவரின் பெயரிலுள்ள வண்டிக்கு, விற்பனையின்போது பெயர் மாற்றத்திற்குத் தேவையான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட ஆள் இல்லை. சட்டப்படி, உரிமையாளர் இறந்தால் வாரிசுதாரர் முப்பது நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியாகத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலம் கடந்து வெகுநாளாகிறது. தாமதத்திற்கான தொகை கேட்கப்படலாம், விளக்கக் கடிதமும் கேட்கப்படலாம். அதற்காக முடியாத காரியம் அல்ல. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், உங்கள் தாயாரும் உடன்பிறந்தவர்களும் மறுப்பில்லை என்று எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரம், மூல ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றோடு உதகை அலுவலகத்தை அணுகுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டில் உறவு நன்றாக இருக்கும்போதே அந்தக் கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள் என்பது அனுபவத்தில் சொல்வது. வண்டிக்கு விலை படிந்த செய்தி பரவிய பிறகு கையெழுத்து வாங்குவது வேறு மாதிரி இருக்கும்.

காப்பீட்டையும் இதே மூச்சில் பாருங்கள். தனி ஒருவரின் பெயரிலுள்ள வாகனக் காப்பீடு, அவர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரையிலோ, பாலிசி முடியும் நாள் வரையிலோ, எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். அதன் பிறகும் தந்தையின் பெயரிலேயே நீங்கள் புதுப்பித்துக்கொண்டிருந்தால், கையில் காகிதம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. அப்படிப்பட்ட காகிதத்தை நம்பி அந்நியர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து மலைப்பாதையில் ஓட்டச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பதிவின் காலம். 2001இல் பதிவான வண்டிக்குப் பதினைந்து ஆண்டுகள் 2016இல் முடிந்தன. அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆய்வாளர் முன் நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் தந்தை 2016இலும் 2021இலும் புதுப்பித்திருந்தால், அடுத்த தவணை 2026. இந்தக் கட்டணம் முன்பு சில நூறு ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 என்று உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. மூன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு இது பெரிய தொகை அல்லதான். ஆனால் வாங்குபவர் பயப்படுவது தொகைக்கு அல்ல. இந்த வண்டி ஆய்வில் தேறுமா, பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, எஞ்சின் எண் எல்லாம் கணினிப் பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா என்ற ஐயத்திற்குத்தான். பழைய புத்தக ஆர்.சி. காலத்து வண்டிகளில் இப்படிப்பட்ட எழுத்துப் பிழைகள் சாதாரணம். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடும் இணையப் பதிவோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். புதுப்பிக்கும் தேதி நெருங்கியிருந்தால் நீங்களே புதுப்பித்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள். 2031 வரை செல்லும் என்று ஆர்.சி.யில் அச்சாகியிருப்பது நூறு புகைப்படங்களைவிட அதிகம் பேசும்.

பழம்பொருளாகும் வரை வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ‘விண்டேஜ்’ வாகனம் என்பது முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்ததும், மூல வடிவம் மாறாததும் ஆகும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுச் செல்லுபடி, எண் தகட்டில் தனிக் குறி. அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. உங்கள் வண்டி அந்த வயதை எட்டுவது 2051இல். அதுவரை அது பழையதும் அல்ல, பழம்பொருளும் அல்ல என்ற இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருக்கும். இப்போதைய விலைக் குறைவிலும் இந்த இடைப்பட்ட வயதுக்குப் பங்குண்டு. விலை ஒருநாள் ஏறலாம். ஆனால் கோத்தகிரியின் ஈரத்தில் ஓடாமல் நிற்கும் வண்டி அதுவரை வண்டியாக இருக்காது.

ஈரம் என்றதும், பலரும் ஏமாறும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். ஃபைபர் உடல் துருப்பிடிக்காது என்பது உண்மை. அதனால் அடியில் இருக்கும் எஃகும் பிடிக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். மேலே பளபளவென்று இருக்கும். கீழே சஸ்பென்ஷன் தாங்கிகளும், பிரேக் குழாய்களும், போல்ட்டுகளும் பனியிலும் மழையிலும் அரித்துக்கொண்டிருக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் படம் எடுத்துப் பாருங்கள், முதலில் உங்களுக்காக. ஃபைபர் உடலுக்கென்று தனி நோயும் உண்டு. ஒரு சிறு இடி பட்டால் தகரம் குழியும், ஃபைபரோ மேல்பூச்சில் நட்சத்திரம் போல் விரிசல் விடும். அதை டிங்கரிங் கடையில் கொடுத்துவிடாதீர்கள், அந்த உடலில் சுத்தியலுக்கு வேலையே இல்லை. ஃபைபர் படகு செய்பவர்களும், பேருந்துகளுக்கு ஃபைபர் முகப்பு செய்பவர்களும்தான் அந்த வேலையை அறிந்தவர்கள். இன்னொன்று: விற்பதற்காகப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஃபைபர் காரில் புதுப் பெயின்டைப் பார்த்தால், விவரம் தெரிந்தவர் அதன் அடியில் எத்தனை விரிசல் இருக்கிறது என்றுதான் எண்ணத் தொடங்குவார். மங்கிய பழைய பெயின்டே உங்களுக்குச் சாட்சி.

மூன்று ஆண்டுகளாக எப்போதாவது ஸ்டார்ட் செய்து அணைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பட்டை, ரப்பரால் ஆனது. அது கிலோமீட்டரால் மட்டும் அல்ல, வயதாலும் இற்றுப்போகும். அறுந்தால், எஞ்சின் வேலைக்கு வண்டியின் விலையில் கணிசமான பங்கு போய்விடும். தொட்டியிலுள்ள பெட்ரோலும் நல்ல நிலையில் இருக்காது. இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நெடுநாள் நின்றால் நீரோடு பிரிந்து அடியில் தங்கும். 2001ஆம் ஆண்டின் எரிபொருள் குழாய்கள் அந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு, எரிபொருள் ரப்பர் குழாய்களையும் ஃபில்டரையும் மாற்றி, டைமிங் பெல்ட்டைப் புதிதாகப் போட்டு, ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றிய பிறகே எஞ்சினை உயிர்ப்பியுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்; முதல் இரண்டும் அது தயாரான வாரம், பின்னிரண்டும் ஆண்டு. அது பத்தாண்டு பழையதாக இருந்தால், பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஓட்டிப் பார்க்கப்போகிற வண்டிக்கு இதில் சிக்கனம் கூடாது.

இந்தச் செலவையெல்லாம் விற்கப்போகிற வண்டிக்கு எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. ஓடுவதற்கும் நிற்பதற்கும் வேண்டியவற்றை மட்டும் செய்யுங்கள், அழகுக்கு உரியவற்றை விட்டுவிடுங்கள். கூரைத் துணியில் பூஞ்சை படிந்திருந்தால் மென்மையாகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மலிவான ரெக்ஸினில் புதிதாகத் தைத்துப் போட வேண்டாம், அது வருபவரின் விருப்பம். வாங்குபவர் ஓடாத வண்டியைப் பார்க்கும்போது, பழுது எதுவென்று தெரியாததால் மிக மோசமானதையே கற்பனை செய்து அதன் செலவைக் கழிக்கிறார். ஓடும் வண்டியைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிந்த குறையின் செலவை மட்டுமே கழிக்கிறார். புரோக்கர் சொன்ன 80,000 ரூபாய் ஸ்டார்மின் விலை அல்ல. ஓடாத, காலமானவர் பெயரிலுள்ள, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று தெரியாத ஏதோ ஒரு காரின் விலை அது. அவர் நிலையில் அது நியாயமும்கூட.

விலை குறைப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விலை இறங்க இறங்க, வருகிற ஆளும் மாறுகிறார். ஆறு லட்சம் என்றபோது உங்களை அழைத்தவர்களில் காரைப் பற்றிப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். மூன்றரைக்கு வந்த பிறகு, “கடைசி விலை என்ன?” என்று கேட்டுவிட்டு வைப்பவர்கள் பெருகியிருப்பார்கள். ஒன்றரைக்கு இறக்கினால், ரிசார்ட் வாசலில் நிறுத்தி மணமக்களைப் படம் எடுக்கலாம் என்பவரும், பெரிய சக்கரமும் சைலன்சரும் மாட்டி உதகை ஏரிச் சாலையில் சத்தம் போடலாம் என்பவரும் வருவார்கள். உங்களுக்கு வேண்டியவரோ அதே விலையைப் பார்த்து, இதில் ஏதோ பெரிய பழுது இருக்கிறது என்று ஒதுங்கிப் போவார். அரிதான, சந்தையில் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொன்று இல்லாத வண்டிக்கு, அதன் விலையே ஒரு சான்றிதழ் மாதிரி. அடிக்கடி குறைத்து எழுதப்பட்ட விலை நல்ல சான்றிதழ் அல்ல. உங்கள் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். காகிதங்களையும் எஞ்சினையும் சரிசெய்து, மூன்று நான்கு மாதங்கள் கழித்துப் புதிய படங்களோடு, அதே மூன்றரை லட்சத்திற்கு மறுபடியும் போடுங்கள்.

சரியான ஆள் எங்கே இருப்பார்? எனக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர்க்காரர்கள். கார் பந்தய வீரர் கரிவரதன் வளர்த்துவிட்ட பந்தய ஆர்வம், செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே உள்ள பந்தயத் தடம், எதையும் கடைந்து செய்து தரக்கூடிய லேத் பட்டறைகள் எல்லாம் ஒரே ஊரில் இருப்பதால், உதிரிபாகம் கிடைக்காது என்பதற்காக அந்த ஊர்க்காரர் பின்வாங்குவதில்லை. பெங்களூரிலும் ஆள் உண்டு. ஆனால் அவர் படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று வாங்கி, கர்நாடகத்தில் மறுபதிவு செய்து, அங்கே வரியும் கட்ட வேண்டும். அதைத் தம் மனக்கணக்கில் கழித்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுவார். தில்லிப் பக்கத்திலிருந்து அழைப்பவரிடம் நேரத்தைச் செலவிட வேண்டாம். பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்ய முடியாது.

விளம்பரப் படங்களைப் பொறுத்தவரை, தேயிலைத் தோட்டப் பின்னணியும் பனிமூட்டமும் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவை ரசிகர்களைத்தான் கொண்டுவரும். அடிப்பகுதி, கதவு விளிம்பு, கூரைத் தையல், டயர் எண், சேஸிஸ் தகடு, ஆர்.சி. ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள், ஆர்.சி.யில் முகவரியை மறைத்துவிடுங்கள். குறைகளை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். காலையில், இரவு முழுதும் குளிரில் நின்ற எஞ்சினை ஒரே முயற்சியில் ஸ்டார்ட் செய்யும் காணொளி ஒன்று இருந்தால் அதுவே போதும்; சனவரி மாதக் கோத்தகிரிக் காலையில் எடுத்தால் இன்னும் நல்லது.

பார்க்க வரச் சொல்வதற்கும் சனவரியிலிருந்து மார்ச் வரைதான் ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், சாலை காய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்கள் சீசன். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் வந்தது. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று 2025 ஏப்ரலில் வரம்பும் வந்தது. அதோடு சீசனில் குன்னூர் வழியே ஏற்றம், கோத்தகிரி வழியே இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். வாங்க வருபவர் நான்கு மணி நேரம் நெரிசலில் நின்றுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால், எந்த வண்டியும் அவருக்குப் பிடிக்காது.

சோதனை ஓட்டத்தில் இந்த வண்டிக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. நம் ஊரில் கார் பார்க்க யாரும் தனியாக வருவதில்லை. கூடவே ஒரு மெக்கானிக்கும் மச்சானும் வருவார்கள். இதில் இருக்கையோ இரண்டு. நீங்கள் கூட உட்கார்ந்தால், முடிவெடுக்கும் செல்வாக்குள்ள மற்ற இருவரும் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருபது நிமிடம் சும்மா இருந்து, வண்டியில் இல்லாத குறைகளை எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். முதல் சுற்று மெக்கானிக்கோடு போய்வாருங்கள். அவர் தலையசைத்த பிறகு வாங்குபவரை ஓட்டச் சொல்லுங்கள். மச்சானுக்கு வர்க்கியும் தேநீரும் கொடுத்துவிடுங்கள். முதலில் கோடநாடு சாலை. தோட்டங்களுக்கு நடுவே, கூரையைத் திறந்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பது எவருக்கும் புரியும். பிரேக்கையும் கியரையும் சோதிக்க, அதன் பிறகு மேட்டுப்பாளையம் சாலையில் இரண்டு வளைவு இறங்கி ஏறினால் போதும். உரிமத்தை முன்பே வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

என்னுடைய பழைய 1600 சிசி ஹேட்ச்பேக் ஒன்றை விற்க எனக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வாங்கியவர் மட்டும் விலையைக் கேட்கவே இல்லை. பாயை விரித்து வண்டியின் அடியில் படுத்துவிட்டார். வெளியே வரும்போது மணி ஒன்று. சாப்பிட்ட பிறகுதான் விலைப் பேச்சு வந்தது, ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. அப்படி ஒருவர் வரும் நாளில் உங்கள் ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைப் புரோக்கர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். மாநிலத்திற்குள்ளேயே விற்றால், பதினான்கு நாட்களுக்குள் நீங்கள் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறாத நிலையில் விபத்து நேர்ந்தால், பதிவிலுள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி கைமாறிய நேரத்தைக் குறித்து இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை. இந்த வகை வண்டியை இருபது ஆண்டு ஓட்டியவர் எவரும் உதிரிபாகம் சேர்க்காமல் இருந்திருக்க மாட்டார். ஷெட்டின் அலமாரியிலோ பரணிலோ உங்கள் தந்தை வைத்த பெட்டி ஒன்று இருக்கும். கண்ணாடிச் சட்டம், கூரைக் கொக்கி, ரப்பர் பட்டை, ஒரு பழைய சர்வீஸ் புத்தகம், பட்டறை ரசீதுகள் என்று உங்களுக்குக் குப்பையாகத் தெரியும் பொருட்கள் அதில் இருக்கும். அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், தனியே விற்கவும் வேண்டாம். பாய் விரித்துப் படுப்பவர் எழுந்து வந்ததும், அதை அவர் முன்னால் திறந்து வையுங்கள்.